சீட்டு கையில் இருக்கிறது, சாவி எங்கே? – வீடில்லாத அமெரிக்க முன்னாள் படைவீரர்கள்

2024 ஆகஸ்ட் 4, காலை – வாசகர் ஒருவர் தொடங்கியது

மகனைப் பார்க்க லாஸ் ஏஞ்சலஸ் வந்திருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்துச் சிக்னலில் தினமும் ஒரு முதியவர் ‘வியட்நாம் போரில் பணியாற்றியவன்’ என்று அட்டை பிடித்துக்கொண்டு நிற்கிறார். ராணுவத்தாருக்கு இந்த நாட்டில் கிடைக்காத சலுகையே இல்லை என்கிறார்கள். ஓய்வூதியம், மருத்துவம், படிப்புக்குப் பணம், வீட்டுக் கடன். அத்தனையும் இருந்தும் ஒருவர் தெருவில் நிற்கிறார் என்றால் அது அவராகத் தேடிக்கொண்டதுதானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 4, இரவு

தேடிக்கொண்டது இல்லை. ஆறு ஆண்டுகளாகச் சனிக்கிழமைகளில், வீடில்லாத முன்னாள் படைவீரர்களை வாடகைக்கு வீடு பார்க்க என் காரில் அழைத்துப்போகிறேன். தெருவில் இருப்பதற்கு ஆசைப்பட்ட ஒருவரை இதுவரை பார்க்கவில்லை. காப்பகத்துக்கு வர மறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வேறு. நாற்பது கட்டில் போட்ட கூடத்தில் தூங்க முடியாது என்பவர் வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை.

முதலில் ஓய்வூதியம். அமெரிக்க ராணுவத்தில் ஓய்வூதியம் வேண்டுமென்றால் பொதுவாக 20 ஆண்டுகள் பணியாற்றியிருக்க வேண்டும். வியட்நாம் காலத்தில் கட்டாய ஆள்சேர்ப்பில் போனவர்களில் பெரும்பாலோர் இரண்டு ஆண்டில் திரும்பியவர்கள். அவர்களுக்கு அந்த ஓய்வூதியம் கிடையாது. காயமோ நோயோ பணியால் வந்தது என்று நிரூபித்தால் ஊனத் தொகை உண்டு. வயதான, வருமானம் மிகக் குறைந்த, போர்க்காலத்தில் பணியாற்றியவர்களுக்கு வேறொரு சிறு உதவித்தொகை உண்டு. இரண்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும், தபால் வந்து சேர ஒரு முகவரி வேண்டும். வீட்டுக் கடன் என்கிறீர்கள். அரசு கடனுக்கு உத்தரவாதம் தருகிறது, அவ்வளவுதான். தவணை கட்ட வருமானம் இருப்பவருக்குத்தான் அது பயன்படும்.

அந்த அட்டைக்காரர் பொய் சொல்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், 2023 ஜனவரியில் நாடு முழுவதும் ஒரே இரவில் எடுத்த கணக்கில் 35,574 முன்னாள் படைவீரர்கள் வீடில்லாமல் இருந்தார்கள். 2010-இல் இதே கணக்கு 74,000-க்கு மேல் இருந்தது. பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. அவர்களாகத் தேடிக்கொண்டது என்றால் இத்தனை பேர் எப்படி வீட்டுக்குள் போயிருக்க முடியும்?

ஆகஸ்ட் 6

“எப்படிக் குறைத்தார்கள்?” என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

பெரும்பங்கு ‘ஹட்-வாஷ்’ என்ற திட்டத்துக்கு. 1992-இல் சிறிய அளவில் தொடங்கியது, 2008-இலிருந்து பெரிதாகப் பணம் ஒதுக்கப்பட்டு வளர்ந்தது. வீட்டுவசதித் துறை வாடகைச் சீட்டு தருகிறது. எல்லோரும் வவுச்சர் என்பார்கள். முன்னாள் படைவீரர் துறை, அதாவது வி.ஏ., சமூகப் பணியாளர் ஒருவரைத் தருகிறது. குடியிருப்பவர் தன் வருமானத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வாடகையாகக் கட்டுவார். மீதியை உள்ளூர் வீட்டுவசதி ஆணையம் நேராக வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடும். இரண்டும் சேர்ந்து வருவதுதான் இதன் பலம். வாடகை மட்டும் வந்து ஆள் வராமல் போனால் என்ன ஆகும் என்று பிறகு எழுதுகிறேன்.

‘எஸ்.எஸ்.வி.எஃப்.’ என்று இன்னொன்று உண்டு, 2011-இலிருந்து. வாடகை பாக்கியால் வெளியேற்றப்படப் போகிறவரை அந்த வீட்டிலேயே இருக்க வைப்பது, புது வீட்டுக்கு முன்பணம் கட்டுவது, வண்டி வைத்துச் சாமான் ஏற்றுவது எல்லாம் அதில் வரும். தற்காலிகத் தங்குமிடம் நடத்தும் தொண்டு நிறுவனங்களுக்கு ஆளுக்கு நாளுக்கு இவ்வளவு என்று பணம் தரும் திட்டமும் உண்டு.

ஆகஸ்ட் 10

சனிக்கிழமை. இன்று முழுக்க ஒரு பெரியவரோடு அலைந்தேன். பெயர் வேண்டாம். 1970, 71 இரண்டு ஆண்டும் வியட்நாமில் லாரி ஓட்டியவர். வாடகை ஒப்பந்தம் மனைவி பெயரில் இருந்தது. அவர் இறந்ததும் புது ஒப்பந்தம் போட வேண்டும் என்று வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். இவர் காருக்குக் குடிபோனார். பதிவைப் புதுப்பிக்காத காரை ஒரு நாள் இழுத்துப் போய்விட்டார்கள். காரோடு போனவை: கம்பளி, மாத்திரை, மனைவியின் படம், காகிதங்கள்.

காகிதம் என்றால் டிடி-214. பணியிலிருந்து விடுவிக்கும்போது தரும் சான்று. இவர்களுக்கு அதுதான் ரேஷன் அட்டை, பிறப்புச் சான்று எல்லாம். போன ஆண்டு முதன்முதலில் சந்தித்தபோது, சட்டைக்குள் பிளாஸ்டிக் உறையில் ஒரு நகலை வைத்திருந்தார். காரோடு போகாமல் தப்பியது அது ஒன்றுதான். மடித்து மடித்து, மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்தே இல்லை. ஓர் அலுவலகத்தில் அதைப் பார்த்துவிட்டு “இது செல்லாது, நான்காம் நகல் வேண்டும்” என்று திருப்பி அனுப்பினார்கள். எனக்கு அன்றுதான் தெரியும்: விடுவிக்கப்பட்டவருக்கு ஒன்றாம் நகல், நான்காம் நகல் என்று இரண்டு தருவார்களாம். எந்த மதிப்போடு விடுவிக்கப்பட்டார், எதற்காக விடுவிக்கப்பட்டார் என்பது நான்காம் நகலில்தான் இருக்கும். இவர் உயிரைப் போலக் காத்து வைத்திருந்தது ஒன்றாம் நகல்.

செயிண்ட் லூயிஸில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதிப்போட்டோம். அவருக்கு ஒரே பயம். 1973 ஜூலை 12 அன்று அங்கே பெரிய தீ. ஒரு கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகள் எரிந்தன. எரிந்தவை தரைப்படையில் 1960-க்கு முன்னும் விமானப்படையில் 1964-க்கு முன்னும் விடுவிக்கப்பட்டவர்களுடையவை என்று படித்துச் சொன்னேன். “என் அண்ணன் கொரியாவுக்குப் போனவன், அவனுடையது எரிந்திருக்கும்” என்றார். தன்னுடையது பத்திரம் என்று தெரிந்த பிறகும் நெடுநேரம் அண்ணனைப் பற்றியேதான் பேசிக்கொண்டிருந்தார்.

நகல் வந்தது. நன்மதிப்புடன் விடுவிக்கப்பட்டவர். போன மாதம் பாதியில் வவுச்சரும் வந்துவிட்டது. வீடுதான் இன்னும் வரவில்லை.

ஆகஸ்ட் 12

திருத்தம். வி.ஏ.வில் பணியாற்றும் சகோதரி ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். ஹட்-வாஷ் திட்டத்துக்குத் தகுதி உண்டா என்பதை வி.ஏ.வே தன் கணினிப் பதிவில் பார்த்துக்கொள்ளும், அதற்கு அவர் கையில் காகிதம் இருக்க வேண்டியதில்லை. தொண்டு நிறுவனங்களும் இணையத்தில் சரிபார்க்க வழி இருக்கிறது என்கிறார். சரிதான். காகிதம் இல்லாததால் யாரும் வி.ஏ. பக்கம் போகாமல் இருந்துவிட வேண்டாம். நான் எழுதியதைப் படித்து யாராவது அப்படி நினைத்தால் அது என் பிழை.

ஆனால் அன்று அந்த அலுவலகத்தில் இருந்தவர் இதைச் சொல்லவில்லையே! பெரியவர் எட்டு மாதம் காத்திருந்தார். விதி தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் எட்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். எனக்கும் அன்று தெரியவில்லை என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

ஆகஸ்ட் 17

நல்ல செய்தி. வெகுநாள் அநியாயம் ஒன்றை இந்த மாதம் வீட்டுவசதித் துறை சரிசெய்திருக்கிறது.

பணியால் வந்த பாதிப்புக்காக நூறு சதவீத ஊனம் என்று மதிப்பிடப்பட்டவருக்கு மாதம் 3,700 டாலருக்கு மேல் கிடைக்கும். அந்தத் தொகையை வருமானம் என்று கணக்கிட்டார்கள். படைவீரர்களுக்கென்றே கட்டிய சில குடியிருப்புகளில், மிகமிகக் குறைந்த வருமானம் உள்ளவருக்கு மட்டும் என்று எல்லை இருந்தது. ஊனத் தொகை அந்த எல்லையைத் தாண்டிவிடும். அதாவது, அதிகம் அடிபட்டவருக்கு அந்த வீடு கிடையாது! காலை இழந்தவர் வெளியே நிற்க, கட்டடத்தில் அறை காலியாகக் கிடக்கும். இனி ஹட்-வாஷ் திட்டத்தில் வருமானத் தகுதியைப் பார்க்கும்போது இந்தத் தொகையைச் சேர்க்க வேண்டியதில்லை. வாடகைப் பங்கைக் கணக்கிடும்போது மட்டும் சேரும். இதற்காக எத்தனை ஆண்டுகள் எத்தனை பேர் கத்தியிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களை எல்லாம் கும்பிடத் தோன்றுகிறது.

செப்டம்பர் 8

இங்குள்ள வி.ஏ. நிலம் பற்றிய வழக்கின் தீர்ப்பைப் பார்த்தீர்களா? வெள்ளிக்கிழமை வந்தது. மேற்கு லாஸ் ஏஞ்சலஸில் வி.ஏ.வுக்கு 388 ஏக்கர் நிலம் இருக்கிறது. பக்கத்தில் உள்ள வீடுகளின் விலை கோடிக் கணக்கில். 1888-இல் அர்காடியா பண்டினி என்ற அம்மையாரும் ஜான் ஜோன்ஸ் என்ற செனட்டரும், ஊனமுற்ற போர்வீரர்களுக்கு இல்லம் அமைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த நிலம். பல ஆயிரம் பேர் குடியிருந்தார்கள். தேவாலயம், தபால் நிலையம், டிராம் வண்டி எல்லாம் இருந்த ஊர் அது. 1970-களில் குடியிருப்பு ஓய்ந்தது. பிறகு அந்த நிலம் பல்கலைக்கழகப் பேஸ்பால் மைதானத்துக்கும், தனியார் பள்ளியின் விளையாட்டுத் திடல்களுக்கும், எண்ணெய்க் கிணற்றுக்கும், வாகன நிறுத்தத்துக்கும் குத்தகையாகப் போனது.

2011-இல் ஒரு வழக்கு, 2015-இல் சமரசம், 2016-இல் 1,200 வீடுகள் கட்டுவதாகத் திட்டம். கட்டும் வேகம் போதாது என்று 2022-இல் மறுபடி வழக்கு. இப்போது நீதிபதி டேவிட் கார்ட்டர், அந்தக் குத்தகைகள் செல்லாது என்றும், 18 மாதத்துக்குள் 750 தற்காலிக வீடுகளும் அவற்றோடு 1,800 நிரந்தர வீடுகளும் கட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்.

2021-இல் அந்த வளாகத்தின் வேலிக்கு வெளியே சான் விசென்டே சாலையோரம் வரிசையாகக் கூடாரங்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் அமெரிக்கக் கொடி. அங்கே தண்ணீர் பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். வேலிக்கு இந்தப் பக்கம் கூடாரம், அந்தப் பக்கம் வெறும் புல்தரை. தங்களுக்கென்று எழுதிக்கொடுத்த நிலத்தை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தபடி படுத்திருந்தார்கள். அந்த நவம்பரில் கூடாரங்களை எடுத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 9

“மைதானத்தை இடித்துவிட்டு வீடு கட்டினால் மாணவர்கள் எங்கே விளையாடுவார்கள்?” என்று கேட்டவருக்கு: வேறு இடத்தில். தானம் கொடுத்தவர் எதற்குக் கொடுத்தாரோ அதற்குத்தான் நிலம். நம் ஊரில் சத்திரத்துக்கு எழுதிவைத்த நிலத்தை இன்னொருவர் குத்தகைக்கு எடுத்து உழுதால் நாம் என்ன சொல்வோம்?

அரசு மேல்முறையீட்டுக்குப் போகக்கூடும். அதனால் பெரியவரிடம் இந்தத் தீர்ப்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

செப்டம்பர் 29

வவுச்சர் வந்த நாளிலிருந்து வீடு தேடக் குறைந்தது 120 நாள் அவகாசம். பெரியவருக்கு எழுபது நாளுக்கு மேல் ஓடிவிட்டது. இதுவரை 23 வீட்டுக்காரர்களிடம் பேசிவிட்டேன். கணக்கு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். வவுச்சர் என்ற சொல்லைச் சொல்லும்வரை எல்லோருடைய குரலும் ஒரே மாதிரி இருக்கிறது. சொன்னதும் “நேற்றுத்தான் ஒருவர் முன்பணம் கொடுத்தார்” என்கிறார்கள். அதே வீடு மறுநாளும் விளம்பரத்தில் இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் வவுச்சரைக் காரணம் காட்டி மறுப்பது 2020 ஜனவரியிலிருந்து சட்டவிரோதம். அதனால் யாரும் அந்தக் காரணத்தைச் சொல்வதில்லை.

டல்லாஸிலிருந்து எழுதிய நண்பருக்கு: டெக்சாஸில் நகராட்சிகள் இப்படி ஒரு விதி போடக் கூடாது என்று 2015-இல் மாநிலமே தடுத்துவிட்டது. ஆனால் முன்னாள் படைவீரர்களுக்கு மட்டும் அதில் விலக்கு வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி விதி இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பெரியவர் மட்டும் அசரவில்லை. “ஓடு, ஓடிப்போய் நின்று காத்திரு. ராணுவத்தில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான்” என்று சிரித்தார். நான்தான் திரும்பி வரும்போது காரில் அழுதேன்.

அக்டோபர் 13

குடிப்பழக்கம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். “முதலில் குடியை விடட்டும், பிறகு வீடு கொடுக்கலாம்” என்பது பழைய முறை. 1992-இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் அதைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, சிகிச்சை பிறகு. வி.ஏ. 2012-இல் இதையே கொள்கையாக எடுத்துக்கொண்டது. நியூ ஆர்லியன்ஸும் ஹூஸ்டனும் 2015-இல் படைவீரர் வீடின்மையை ஏறத்தாழ முடித்துவிட்டோம் என்று அறிவித்ததற்கு இது ஒரு காரணம். இன்னொன்று: ஒவ்வொருவரையும் பெயர் எழுதிப் பட்டியலில் வைத்து, எல்லா அமைப்புகளும் அதே பட்டியலைப் பார்த்து வேலை செய்தார்கள்.

முதலில் வீடு என்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. மூன்று ஆண்டுக்கு முன் ஓர் இளைஞர், ஈராக் போய் வந்தவர். நாங்கள்தான் சாவி வாங்கிக்கொடுத்தோம். அவருக்கான சமூகப் பணியாளர் வேலையை விட்டுப் போனார், அடுத்தவர் வர நான்கு மாதம் ஆனது. அந்த நான்கு மாதத்தில் குடி கூடியது, சண்டை வந்தது, வெளியேற்ற உத்தரவு வந்தது. வாடகை மட்டும் வந்து ஆள் வராமல் போனால் என்ன ஆகும் என்று ஆகஸ்டில் சொன்னேனே, இதுதான். இதைக் காட்டி “பார், வீடு கொடுத்தும் பயனில்லை” என்பவர்கள் உண்டு. அவருக்கு வாக்களித்தவை இரண்டு, போய்ச் சேர்ந்தது ஒன்று. அந்த நான்கு மாதத்தில் நான் இரண்டே முறை போனேன். சாவி கொடுத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.

அக்டோபர் 27

27-ஆவது வீட்டுக்காரர் சரி என்றார்! அவர் தந்தை கொரியப் போரில் இருந்தவராம். ஆணையத்திலிருந்து வந்து சோதித்தார்கள். புகை எச்சரிக்கைக் கருவி ஒன்று வேலை செய்யவில்லை என்று நிறுத்தி வைத்துவிட்டார்கள். இருபது டாலர் கருவி. நானே வாங்கிக்கொண்டு போய் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். மறுசோதனைக்கு இன்னும் ஒரு வாரம். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

நவம்பர் 16

சாவி கிடைத்தது. 120 நாள் முடிய ஐந்து நாள் பாக்கி இருந்தபோது.

முன்பணத்தைத் தொண்டு நிறுவனம் ஒன்று கட்டியது. வவுச்சரில் கட்டில், பாத்திரம் எதுவும் வராது. இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் நான்கு சேர்ந்து மெத்தை, போர்வை, தட்டு, வாணலி எல்லாம் கொடுத்தார்கள். உணவு வங்கியிலிருந்து ஒரு பெட்டி நிறையப் பீன்ஸ், சூப், மீன் டின்கள் வந்தன. எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டு இரவு எட்டு மணிக்குக் கிளம்பினேன். மறுநாள் போனால் ரொட்டி மட்டும் சாப்பிட்டிருக்கிறார். டின் திறப்பான் இல்லை. பதினெட்டு டின்னையும் பெயர் தெரியும்படி திருப்பி வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். என்னைக் கூப்பிட்டிருக்கலாமே என்றால், ராத்திரியில் எதற்குத் தொந்தரவு என்றார்.

இந்த ஆண்டுக் கணக்கும் வந்திருக்கிறது. 2024 ஜனவரியில் 32,882. கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து இதுதான் குறைவு. ஆனால் அந்த எண்ணுக்குள் பாருங்கள்: முன்னாள் படைவீரர்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு, வீடில்லாத படைவீரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எங்கள் பெரியவரும் கறுப்பினத்தவர்தான். முன்பு எழுத வேண்டாம் என்று விட்டேன். எழுதியிருக்க வேண்டும். அந்த 23 பேரில் சிலர் தொலைபேசியில் சரி என்று சொல்லிவிட்டு, நேரில் அவரைப் பார்த்த பிறகுதான் மாறினார்கள்.

2025 பிப்ரவரி 21

இந்த ஆண்டுக் கணக்கெடுப்பு ஜனவரிக் காட்டுத்தீயால் தள்ளிப்போய் இந்த வாரம்தான் நடந்தது. நானும் போனேன். லாஸ் ஏஞ்சலஸில் யாரையும் எழுப்பிப் பேசக் கூடாது. தெருத்தெருவாகக் காரில் மெல்லப் போய், கூடாரம் எத்தனை, ஆள் குடியிருக்கும் வண்டி எத்தனை என்று பார்த்து எண்ண வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதைக் கண்ணாடியில் படிந்த மூச்சு ஈரத்தை வைத்துத் தெரிந்துகொள்கிறோம். யார் படைவீரர் என்பது இதில் தெரியாது. தனியாக நேர்காணல் நடத்தி, அதிலிருந்து மதிப்பிடுகிறார்கள். நண்பர் வீட்டுச் சோபாவில் படுத்திருப்பவர் இந்தக் கணக்கில் இல்லை. ஆகஸ்டில் நான் அவ்வளவு உறுதியாக எழுதிய 35,574-ஐ அடுத்த முறை எழுதும்போது “குறைந்தது” என்று சேர்த்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி கேட்ட ஐயா இன்னும் இங்கே படிக்கிறாரா தெரியவில்லை. அந்தச் சிக்னல் வழியாக நேற்று இரவு போனோம். அட்டை மட்டும் கம்பத்தில் சாய்ந்திருந்தது. ஆளைக் காணவில்லை.

பிப்ரவரி 23

ஐயா படிக்கிறார். ஊருக்குத் திரும்பிவிட்டாராம். புறப்படுவதற்கு முன் மகனோடு போய் அந்த முதியவரிடம் பேசினாராம். கடற்படையில் சமையல்காரராக இருந்தவர், வி.ஏ. பக்கமே போனதில்லை என்கிறார். நன்மதிப்பு இல்லாமல் விடுவிக்கப்பட்டவர், தனக்கு எதுவும் கிடையாது என்று யாரோ சொன்னதை நம்பி ஐம்பது ஆண்டுகள் ஓட்டியிருக்கிறார். ஐயா, 2021-இலிருந்து அந்த வகையில் பலருக்கும் ஹட்-வாஷ் வவுச்சர் உண்டு. கண்ணியமிழந்தவர் என்றோ, உயர்நிலை ராணுவ நீதிமன்றத்தின் தண்டனையாகவோ விலக்கப்பட்டவர்களுக்குத்தான் இல்லை. அவர் எந்த நேரத்தில் அங்கே இருப்பார் என்று உங்கள் மகனை எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

ஜூலை 26

கடற்படைக்காரர் இப்போது தற்காலிகத் தங்குமிடத்தில் இருக்கிறார். கேள்வி கேட்டவரின் மகன்தான் வாரம் ஒருமுறை போய்ப் பார்க்கிறார். வவுச்சருக்குப் பெயர் கொடுத்திருக்கிறது.

பெரியவரிடமிருந்து நேற்று இரவு அழைப்பு. ஆணையத்திலிருந்து தடித்த உறை ஒன்று வந்திருக்கிறதாம். பிரிக்கவில்லை, மேசைமேல் வைத்துவிட்டு மூன்று நாளாகச் சுற்றி நடக்கிறாராம். ஆண்டுக்கு ஒருமுறை வருமானத்தைச் சரிபார்க்கும் படிவமாகத்தான் இருக்கும், பதில் போடாமல் விட்டால்தான் சிக்கல் என்றேன். “வெளியேறச் சொல்லும் கடிதமும் இதே நிற உறையில்தான் வந்தது” என்றார். இன்று காலை ஒன்பது மணிக்குப் போகிறேன். இருவரும் உட்கார்ந்து பிரிக்க வேண்டும்.